திறன்பேசி இயங்குதளங்கள்: எவர் நிலத்தில் நம் சந்தை?

(புனே நகரில் தமிழ் மாணவர்களும் அன்பர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இதிலுள்ள கருத்துகள் உரையாளரின் சொந்தக் கருத்துகள்.)



இக்கூட்டத்திற்கு என்னை அழைக்க வந்திருந்த மாணவர் ஒருவர் பேச்சினிடையே ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, வெளிநாட்டார் மீகணினி தர மறுத்தபோது, இதே புனேயில் நாமே அதைச் செய்து காட்டினோம். அப்படியிருக்க, நாட்டில் கோடிக்கணக்கானோர் கையிலுள்ள திறன்பேசிக்கு ஓர் இயங்குதளத்தை ஏன் நம்மால் செய்துகொள்ள முடியவில்லை?” என்றார். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அக்கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வியில் உள்ள வரலாறு சரியானதே. 1980-களில் பருவமழை முன்னறிவிப்பு போன்ற பணிகளுக்காக அமெரிக்காவின் கிரே நிறுவனத்திடமிருந்து மீகணினி வாங்க இந்தியா முற்பட்டது. நாம் கேட்ட ஆற்றல்மிக்க வகை மறுக்கப்பட்டது. அதனினும் குறைந்த வகையே கிடைத்தது. 1988-இல் மத்திய அரசு புனேயில் உயர்நிலைக் கணினியியல் மேம்பாட்டு மையத்தை, அதாவது நீங்கள் அனைவரும் அறிந்த சி-டாக் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. டாக்டர் விஜய் பட்கர் அவர்களின் தலைமையில் 1991-இல் பரம் 8000 உருவாயிற்று. இவ்வூர் பெருமைப்படத்தக்க செயல் அது.

ஆயினும் மீகணினியையும் இயங்குதளத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடலாகாது என்பதே என் கருத்து. மீகணினி ஓர் அணைக்கட்டைப் போன்றது. அதை ஒருமுறை நன்றாகக் கட்டி முடித்தால், பாசனம் நடைபெறும். அண்டை மாவட்டத்தார் அதே அணையைப் பயன்படுத்துகிறார்களா என்பது உழவனின் கவலையன்று. இயங்குதளமோ அணையன்று, அது வாரச் சந்தை கூடும் திடல். திடலைச் சமன்படுத்திக் கொட்டகை போடுவது எளிது. அங்கு வணிகர் வரவேண்டுமானால் வாங்குவோர் வரவேண்டும். வாங்குவோர் வரவேண்டுமானால் வணிகர் வந்திருக்க வேண்டும். இரு சாராரையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அரிது.

தளம் என்பது யாது?

திறன்பேசியில் திரை, மின்கலம், ஒளிப்படக் கருவி, அலைவாங்கி எனப் பல உறுப்புகள் உள்ளன. இவற்றை நேரடியாக இயக்கும் பொறுப்பை ஒவ்வொரு செயலியும் ஏற்க வேண்டுமானால், ஒரு சிறு கணக்குச் செயலியை எழுதுவதற்கே ஆண்டுகள் செல்லும். அப்பொறுப்பை ஏற்று, செயலிகளுக்கு நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டளித்து, ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகாமல் காவல் செய்யும் நிரல் தொகுதியே இயங்குதளம். இது பொறியியல் விளக்கம். பொருளாதார நோக்கில் பார்த்தால், செயலி எழுதுவோரும் திறன்பேசி வாங்குவோரும் சந்திக்கும் இடத்தின் உடைமையாளர் எவரோ அவருடைய சொத்து அது. எந்தச் செயலி திரையின் முதற்பக்கத்தில் நிற்கும், விற்பனையில் எத்தனை பங்கு சுங்கமாகக் கொடுக்க வேண்டும், எந்தப் பணம் செலுத்தும் முறை அனுமதிக்கப்படும் என்பனவற்றை அவரே வகுக்கிறார்.

1985-இல் பால் டேவிட் என்னும் பொருளாதார அறிஞர் தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிறந்த வரிசை எது என்பதைவிட, எந்த வரிசையில் முதலில் பலர் பயின்றுவிட்டனர் என்பதே சந்தையைத் தீர்மானித்தது என்பது அவர் வாதம். அதை மறுத்தவர்களும் உண்டு. எனினும் திறன்பேசியின் கதையை அக்கட்டுரையை நினைவில் கொண்டு படித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

முதல் தலைமுறை

தொலைபேசியையும் கைக்கணினியையும் ஒன்றாக்கிய ஐ.பி.எம். சைமன் 1994-இல் விற்பனைக்கு வந்தது. 1996-இல் பாம் பைலட் கைக்கணினியும், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சி.இ. தளமும் வந்தன. 1998-இல் இலண்டனில் சிம்பியன் நிறுவனம் தோன்றியது. பிரிட்டனின் சையான் நிறுவனம் தன் கைக்கணினிக்காக எழுதிய எப்பாக் என்னும் தளமே அதன் மூலதனம். நோக்கியா, எரிக்சன், மோட்டொரோலா ஆகியவை பங்குதாரர்களாயின. ஒருவரோடொருவர் போட்டியிடும் உற்பத்தியாளர்கள் அடித்தளத்தை மட்டும் கூட்டாக வைத்துக்கொள்வது என்பது அன்றைய நிலையில் அறிவார்ந்த ஏற்பாடாகவே தோன்றியது. கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய மகாராஷ்டிரத்தில் இதை விளக்க வேண்டுவதில்லை.

2007-இல் உலகில் விற்பனையான திறன்பேசிகளில் பத்தில் ஆறுக்கு மேல் சிம்பியனில் இயங்கின. அப்படிப்பட்ட தளம் எவ்வாறு சரிந்தது? நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்தில், சிக்கனத்தையே அறமாகக் கொண்டு எழுதப்பட்டது அது. அதன் நிரலாக்க முறைகள் கடினமானவை. புதியவர் கற்றுத் தேறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. மேலும் அடித்தளம் கூட்டாக இருந்தபோதிலும், மேல்மாடியை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கட்டினர். நோக்கியாவுக்கு ஒன்று, சோனி எரிக்சனுக்கு ஒன்று, ஜப்பானியருக்கு மற்றொன்று. ஒன்றுக்காக எழுதிய செயலி மற்றொன்றில் ஓடவில்லை. திடல் ஒன்று, ஆனால் நடுவில் மூன்று சுவர்கள். வணிகர் கூட்டம் சேராததில் வியப்பில்லை.

2007 ஜூன் மாதத்தில் ஆப்பிளின் ஐபோன் வந்தது. அதன் தொடுதிரையையே எல்லோரும் பேசினர். எனக்கோ 2008 ஜூலையில் ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறக்கப்பட்ட ஆப் ஸ்டோர் என்னும் செயலி அங்காடியே பெரிய நிகழ்வாகத் தோன்றுகிறது. அதற்கு முன் ஒரு செயலியை வாடிக்கையாளரிடம் சேர்க்கத் தொலைபேசி நிறுவனங்களின் வாசலில் காத்து நிற்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே வாசல், ஒரே விலைப்பட்டியல், ஒரே சுங்கம்.

ஆண்ட்ராய்டு நிறுவனம் 2003-இல் தொடங்கப்பட்டு, 2005-இல் கூகுளால் வாங்கப்பட்டது. 2007 நவம்பர் 5 அன்று 34 நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டணி அறிவிக்கப்பட்டது. லினக்ஸ் கருவின்மேல் எழுப்பப்பட்ட இத்தளத்தின் மூலநிரலை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்றனர். முதல் கைப்பேசி 2008-இல் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் தன் தளத்திற்கு ஒவ்வொரு கருவிக்கும் உரிமக் கட்டணம் பெற்றுவந்தது. சிறிய கருவிகளுக்கு அதை நீக்கியது 2014-இல்தான். விலையே இல்லாத பண்டத்தோடு விலையுள்ள பண்டம் ஏழாண்டுகள் போட்டியிட்டால் முடிவு என்னவாகும் என்பதைப் பொருளாதார மாணவர்களிடம் நான் சொல்ல வேண்டுவதில்லை. 2010-ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் ஆண்ட்ராய்டு சிம்பியனை முந்தியது. 2011 பிப்ரவரியில் நோக்கியா சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் தளத்தைத் தழுவியது. அத்தளமும் நிலைக்கவில்லை, 2020 ஜனவரியில் அதற்கான ஆதரவு முடிவுற்றது. பிளாக்பெர்ரியின் பழைய சேவைகள் 2022 ஜனவரியில் நிறுத்தப்பட்டன.

திருப்பெரும்புதூர்

இவையெல்லாம் ஹெல்சிங்கியிலும் கலிஃபோர்னியாவிலும் நடந்தவை, நமக்கென்ன என்று எண்ணலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்பர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

2006 ஜனவரியில் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாகப் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். வீட்டின் முதல் மாதச் சம்பளத்தைப் பெற்றவர்கள் அவர்களுள் பலர். ஆலை நிறுவனத்தின் பேருந்துகள் விடியற்காலையில் ஊர் ஊராகச் சென்று அவர்களை ஏற்றிவந்த காட்சியை அப்பக்கத்தார் நன்கு அறிவர். அவ்வாலையில் பெரும்பாலும் எளிய வகைக் கைப்பேசிகளே செய்யப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே சிம்பியன் வீழ்ந்ததால்தான் ஆலை மூடப்பட்டது என்று நேர்க்கோடு போட்டுவிட இயலாது. ஆனால் தளப் போட்டியில் தோற்ற நிறுவனம் தன் கைப்பேசித் தொழிலையே 2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டுக்கு விற்க உடன்பட்டது. 2014 ஏப்ரலில் விற்பனை நிறைவேறியபோது, திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை. காரணம், வரி வழக்கு.

வழக்கின் பொருளை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கைப்பேசிக்குள் ஏற்றப்படும் மென்பொருளுக்காக இந்திய நிறுவனம் ஃபின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்திற்குச் செலுத்திய தொகை, உரிமத் தொகையா? அவ்வாறாயின் அதில் வரி பிடித்தம் செய்திருக்க வேண்டாமா? 2013 மார்ச்சில் வருமான வரித்துறை கோரிய தொகை ஏறத்தாழ ரூ. 2,080 கோடி. வழக்கின் நியாயத்திற்குள் நான் புகவில்லை; அரசு ஊழியனுக்கு அது அழகுமன்று. 2018-இல் இரு நாட்டு அரசுகளின் இசைவு நடைமுறை வாயிலாக அது தீர்ந்தது. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத மென்பொருளின் மதிப்பு, கண்ணுக்குப் புலப்படும் ஆலையை எவ்வாறு கட்டிப்போட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகை பெற்று வெளியேறிவிட்டனர். ‘ஓய்வு’ என்ற சொல் இருபத்தைந்து வயதினருக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. நோக்கியாவை நம்பியிருந்த அண்டை ஆலையான ஃபாக்ஸ்கானும் அவ்வாண்டு டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் நிலை மாறியது உண்மையே. மூடிய நோக்கியா வளாகத்தை மின்னேற்றிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2019 முதல் அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பூட்டித் தருகிறது. கருவியைச் செய்யும் கைகள் அங்கேயே உள்ளன. தளத்தைப் பற்றிய முடிவு அன்றும் அங்கு எடுக்கப்படவில்லை, இன்றும் அங்கு எடுக்கப்படவில்லை.

நம் நாட்டு முயற்சிகள்

நாம் முயலவே இல்லை என்பது தவறு. ஐபோனுக்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 2001-இல் பெங்களூரில் சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியின் மாதிரி வெளியிடப்பட்டது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் 1999-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து அதை வடிவமைத்தனர். லினக்ஸ் தளம், தொடுதிரை, எழுத்தறியாதாருக்காக இந்திய மொழிகளில் உரையைப் பேசிக் காட்டும் வசதி. ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு சில்லு அட்டை இருந்தால் போதும் என்பது அவர்களுடைய கருத்து. ஏறத்தாழ ரூ. 9,000 விலையில் தர எண்ணினர்.

எண்ணம் உயர்ந்தது; காலத்தை முந்தியது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையுடன் 2004-இல் வணிக வடிவம் வந்தது. விற்றவை சில ஆயிரங்களே. அதற்குள் கைப்பேசியின் விலை இறங்கத் தொடங்கிவிட்டது. ஊர் பகிரும் கருவியைவிடத் தனக்கென்று ஓர் எளிய கைப்பேசியையே கிராமத்தான் விரும்பினான். சிம்ப்யூட்டருக்கென்று செயலி எழுதுவோர் கூட்டம் உருவாகவே இல்லை. பெரும் அளவில் அரசுக் கொள்முதல் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்பார் உண்டு. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அரசு வாங்கினால் கருவிகள் அலுவலகங்களைச் சேரும். செயலிகள் தாமாகப் பிறந்துவிடா.

2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் தளத்துடன் இன்டெக்ஸ் நிறுவனம் ரூ. 1,999-க்குத் திறன்பேசி விற்றது. 2015 ஜனவரியில் சாம்சங் தன் டைசன் தளத்தின் முதல் திறன்பேசியை ரூ. 5,700-க்கு இந்தியாவில்தான் அறிமுகப்படுத்தியது. மலிவு ஒன்றே போதும் என்று நம்பிய இவ்விரண்டும் நெடுநாள் வாழவில்லை.

ஃபயர்ஃபாக்ஸின் சாம்பலிலிருந்து எழுந்த கை ஓ.எஸ். சற்று வேறுபட்ட கதை. 2017-இல் ரூ. 1,500 திரும்பப்பெறும் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோபோன் அத்தளத்தில் இயங்கியது. விசைப்பலகை உள்ள எளிய கைப்பேசியே. ஆயினும் இணையம் உண்டு. கோடிக்கணக்கில் விற்றது. ஆண்ட்ராய்டுக்கு மாற்றாக இந்திய மண்ணில் உண்மையாகவே மக்களைச் சென்றடைந்த தளம் இதுவொன்றே எனலாம். 2018-இல் வாட்ஸப் அதற்கு வந்தது. அவ்வாண்டே கூகுள் நிறுவனம் கை ஓ.எஸ்.ஸில் 2.2 கோடி டாலர் முதலீடு செய்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டித் தளத்திலும் தன் சேவைகள் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. 2021-இல் அதே ஜியோ வெளியிட்ட அடுத்த திறன்பேசி ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டிருந்தது. 2024 ஜூனில் கை ஓ.எஸ். அங்காடியிலிருந்து வாட்ஸப் நீக்கப்பட்டது. பெரிய வணிகர் ஒருவர் கடையைக் காலி செய்தால் திடல் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் உருவான பார் ஓ.எஸ். அறிமுகமாயிற்று. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் இல்லாமை அதன் சிறப்பு. காப்பும் மறைவும் மிகுதியாகத் தேவைப்படும் அமைப்புகளுக்காக அது முன்வைக்கப்பட்டது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்மீது கட்டப்பட்டதே. இதை ஒரு குறையாகச் சிலர் கூறுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. திறந்து வைக்கப்பட்ட கிணற்றில் நீர் இறைப்பது இழுக்கன்று. ஆனால் பொதுமக்களின் அன்றாடத் திறன்பேசியாக அது மாறுமா என்பது, வங்கிச் செயலிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் அதில் ஓடுமா என்பதைப் பொறுத்தது. தேசிய உணர்வைப் பொறுத்ததன்று.

இங்கு ஓர் எதிர்வாதத்தைச் சந்திக்க வேண்டும். சீனா செய்துகாட்டவில்லையா? 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஹுவாவே நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. கூகுளின் செயலிகள் அதன் புதிய திறன்பேசிகளுக்கு மறுக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் ஹார்மனி தளத்தை அறிவித்தது. 2024-இல் ஆண்ட்ராய்டின் நிரல் கலவாத பதிப்பையும் வெளியிட்டது. இது சாதனையே. எனினும் சீனச் சந்தையில் கூகுளின் சேவைகள் அதற்கு முன்பே இல்லை. செய்தி, வணிகம், பணம் செலுத்தல் அனைத்துக்கும் உள்நாட்டுச் செயலிகள் ஏற்கெனவே ஆட்சி செலுத்தின. வணிகர் அனைவரும் உள்ளூரார்; அவர்களைப் புதிய திடலுக்கு அழைத்துச் செல்வது இயன்றது. கதவை அடைத்து வைத்து வளர்த்த சந்தை அது. நம்முடையது திறந்த சந்தை. அதன் பயன்களையும் நாம் பெற்றிருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு அதன் செலவை மட்டும் கணக்கிடலாகாது.

விலையில்லாப் பண்டத்தின் விலை

அப்படியாயின் கைகட்டி நிற்பதுதான் கொள்கையா? அன்று.

ஆண்ட்ராய்டு விலையில்லாதது என்று சொன்னேன். அடித்தளம் விலையில்லாததுதான். ஆனால் கூகுளின் செயலி அங்காடியான பிளே ஸ்டோர் இல்லாத திறன்பேசியை நம் கடைவீதியில் எவரும் வாங்கமாட்டார். அங்காடியைப் பெற உற்பத்தியாளர் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். 2023 வரை, அங்காடியோடு தேடல், உலாவி, காணொளி முதலிய செயலிகள் அனைத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது; தேடல் பெட்டி முகப்புத் திரையில் நிற்க வேண்டியிருந்தது. மற்றோர் ஒப்பந்தத்தின்படி, ஆண்ட்ராய்டைத் தன் விருப்பப்படி மாற்றியமைத்த வேறு கிளைத் தளத்தில் அவ்வுற்பத்தியாளரால் கருவி செய்து விற்க இயலாதிருந்தது. மூலநிரல் திறந்திருந்தும், அதை எடுத்து வேறு திடல் அமைக்க வல்லவர்களின் கைகளை இந்த ஒப்பந்தங்களே கட்டின.

இதை எதிர்த்து இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டவர்கள் பெரும் நிறுவனத்தாரல்லர். ஆண்ட்ராய்டு திறன்பேசியைப் பயன்படுத்தும் மூன்று இளைஞர்கள். 2019 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 20 அன்று ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்ததுடன், ஒப்பந்த முறைகளை மாற்றுமாறும் பணித்தது. ஐந்து நாட்கள் கழித்து, அங்காடியில் பணம் செலுத்தும் முறை தொடர்பாக ரூ. 936.44 கோடி அபராதம் தனியாக விதிக்கப்பட்டது. 2023 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் முதல் உத்தரவுக்குத் தடை விதிக்க மறுத்தது. அதே மாதம், செயலிகளைத் தனித்தனியே உரிமம் பெறலாம், தேடல் பொறியைப் பயனர் தேர்ந்துகொள்ளலாம் என்று கூகுள் அறிவித்தது. மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும், ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கை நீக்கியது. இரண்டாம் வழக்கின் அபராதத்தை 2025 மார்ச்சில் ரூ. 216.69 கோடியாகக் குறைத்தது.

அபராதத் தொகையை எண்ணி மகிழ்வதோ வருந்துவதோ பயனற்றது. ஐரோப்பிய ஆணையம் 2018-இலேயே 434 கோடி யூரோ விதித்தது. அந்நிறுவனத்தின் வருவாய்க்கு அதுவும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தில் எந்த வாசகம் நீங்கியது என்பதே முக்கியம். 2024 பிப்ரவரியில் போன்பே நிறுவனம் இந்திய மொழிகளை முன்னிறுத்தி இன்டஸ் என்னும் மாற்று அங்காடியைத் திறந்தது. அது வெல்லுமா என்பதைச் சொல்ல நான் சோதிடன் அல்லன். ஆயினும் புதிய தளம் ஒன்றை எழுதுவதற்காகும் உழைப்பில் மிகச் சிறு பகுதியைக் கொண்டு, போட்டிச் சட்டம் ஒரு புதிய கடைக்கு இடம் பெற்றுத் தந்திருக்கிறது.

புனே தந்த மற்றொன்று

மாணவரின் கேள்வியில் பரம் கணினி இருந்தது. அதே சி-டாக்கில் அதே ஆண்டுகளில் நடந்த மற்றொரு பணி இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980-களின் தொடக்கத்தில் தேவநாகரி எழுத்துகளைக் கணினியில் கையாளும் ஆராய்ச்சி நடந்தது. அதன் தொடர்ச்சியாக ஜிஸ்ட் என்னும் தொழில்நுட்பம் புனேக்கு வந்தது. இந்திய எழுத்துகள் அனைத்தும் ஒரே ஒலி ஒழுங்கில் அமைந்தவை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே குறியீட்டு வரிசையும் ஒரே விசைப்பலகை அமைப்பும் போதும் என்பது அதன் அடிப்படை. 1991-இல் இஸ்கி என்னும் அக்குறியீடு இந்தியத் தரநிலையாயிற்று. யூனிகோட் குறியீட்டில் இந்திய எழுத்துகள் இடம்பெற்றபோது, அவற்றின் வரிசைக்கு இஸ்கியே அடிப்படையாயிற்று. இன்று உங்கள் திறன்பேசி, அது ஆப்பிளாயினும் ஆண்ட்ராய்டாயினும், ‘அ’ என்னும் எழுத்தை அடையாளம் காணும் எண் அந்த வரிசையின் வழித்தோன்றல்.

தமிழர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. க, ங, ச என்ற நம் நெடுங்கணக்கைத் தேவநாகரியின் சட்டத்திற்குள் பொருத்தியதால், இல்லாத எழுத்துகளுக்கு வெற்றிடம் விடப்பட்டது. உயிர்மெய்களுக்குத் தனி எண் கிடைக்கவில்லை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் வேறொரு குறியீட்டையும் ஏற்றது. தமிழுக்கு அதுவே பொருத்தமானது என்று வல்லுநர் பலர் வாதிட்டனர். ஆனால் திறன்பேசிகள் யூனிகோடையே அறிந்திருந்தன. கூட்டம் அங்கே சேர்ந்துவிட்டது. பால் டேவிட்டின் தட்டச்சுப் பொறி மீண்டும் ஒருமுறை!

குறியீடு இருந்தும், ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங்களாகவே தோன்றியதைப் பலர் நினைவுகூரலாம். தளத்தின் உடைமையாளருக்கு அவசரமில்லாத பணி அது. அதற்கு முன்பே, மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005-இல் சிங்கப்பூரில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்திருந்தது. தளத்தார் செய்யாததைத் தனிமனிதர் செய்தார். அதை எத்தனை நாள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது? 2016-இல் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 16333 தரநிலையின் மூன்றாம் பகுதி வந்தது. இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசி 22 இந்திய மொழிகளிலும் செய்தியைக் காட்ட வேண்டும். ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய மொழி ஆகியவற்றில் உள்ளீடு செய்ய இடந்தர வேண்டும் என்றது. அவ்வாண்டே அதைக் கட்டாயமாக்கும் ஆணையும் பிறந்தது. எந்தத் தளம் என்று ஆணை கேட்கவில்லை. எந்தத் தளமாயினும் இந்நாட்டில் விற்க வேண்டுமானால் இந்நாட்டு எழுத்தைக் காட்டு என்றது. தளம் ஒன்றை எழுதி வெற்றி பெற்றிருந்தாலும், போடோவுக்கும் சந்தாலிக்கும் இவ்வளவு விரைவில் இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

அந்த மாணவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஊரிலுள்ள தாயாருக்குச் செய்தி அனுப்ப எந்த விசைப்பலகையைப் பயன்படுத்துகிறீர் என்று கேட்டேன். அவர் சிரித்தார். விசைப்பலகையை அவர் தொடுவதே இல்லையாம். திறன்பேசியை வாயருகே கொண்டுசென்று தமிழில் பேசுகிறார்; அது எழுதிக்கொள்கிறது. அவர் தாயாரும் அவ்வாறே பதிலளிக்கிறாராம். தட்டச்சுக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் வகுத்த தரநிலைகள் குரலுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. 2022-இல் தொடங்கப்பட்ட பாஷிணி திட்டம் இந்திய மொழிகளின் குரல் தரவையும் மொழிபெயர்ப்பு நிரல்களையும் பொதுவுடைமையாகத் திரட்ட முற்பட்டுள்ளது. ஆனால் அம்மாணவர் பேசுவதைக் கேட்டு எழுதுவது, அவருடைய தளத்தோடு வந்த நிரல். அந்தக் குரல் எங்கே சென்று எழுத்தாகித் திரும்புகிறது என்று கேட்டேன். அவர் தம் திறன்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.